ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

13 ஜூன் 2006, செவ்வாய்

இன்று காலையில் மட்டும் எழுபது பனியன்களைத் திருப்பி அனுப்பினேன். கழுத்துத் தையல் கோணல். தைத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினால், "லைட்டு சரியில்லீங்க்கா" என்கிறார். இருபது வருடமாக இதே பதில்தான். செக்கிங்கில் சூப்பர்வைசராக இருப்பவர்களுக்குக் கண் இரண்டும் குறை தேடியே பழகிவிடும். சோற்றில் கல், பஸ்ஸில் கிழிந்த சீட்டு, ஆலயத்தில் பாடகர் குழுவின் சுருதி, எதையும் நான் விட்டுவைப்பதில்லை.

மதியம் எப்சிபா டிபன் பாக்ஸோடு வந்தாள். ஓவர்லாக் டெய்லர், தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி வந்து மண்ணரையில் லைன் வீட்டில் இருக்கிறாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். போன வருடம் இதே ஜூனில்தான் முதல்முதலாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாராபுரத்தில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. ஆனால் என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு நான் ஆராதனைக்குப் போனதெல்லாம் கம்பெனியில் கார்டு பஞ்ச் பண்ணுவது மாதிரிதான். உள்ளே போனேன், வெளியே வந்தேன். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இவள் கண்டுபிடித்தாள்.

ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, வேதத்தில் அரைப் பக்கம் வாசிப்பாள். பிறகு ஒரே கேள்வி: "இன்னைக்கு இதுல எது அக்கா உங்களப் பிடிச்சு நிறுத்திச்சு?" ஒன்றுமில்லை என்பேன். கோபப்பட மாட்டாள். மறுநாளும் வருவாள். மூன்று வாரம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. நாலாவது வாரம் தயிர்ச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் டிபன் பாக்ஸை மட்டும் வாங்கி ஓரமாக வைத்தாள்.

இன்று சொல்கிறாள்: "அக்கா, இனி இதே மாதிரி நீங்க ஒரு ஆளப் பிடிச்சு வாசிங்க."

"எனக்கென்ன தெரியும் கண்ணு?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன், அம்புட்டுதான்."

14 ஜூன், புதன்

யாரைப் பிடிப்பது? எல்லோரிடமும் எனக்கு ஏதாவது ஒரு குறை தெரிகிறது.

20 ஜூன், செவ்வாய்

பழனாயி. செக்கிங்கில்தான் இருக்கிறாள், வந்து எட்டு மாதம். ஊத்துக்குளியிலிருந்து தினம் ரயிலில் வருகிறவள். நாற்பது வயது இருக்கும். எப்சியைப் பார்த்துப் பார்த்து ஆலயத்துக்கு வர ஆரம்பித்து, போன கிறிஸ்துமஸ் சமயத்தில் ஞானஸ்நானம் பெற்றாள். வீட்டில் அவள் மட்டும்தான். கணவர், "உன்ற இஷ்டம், எனக்குச் சோறு வெந்தாப் போதும்" என்று விட்டுவிட்டாராம். நல்ல மனுஷன்.

"மத்தியானம் என்கூட உக்காரு பழனாயி, கொஞ்சம் வேதம் படிக்கலாம்" என்றேன். மெமோ கொடுக்கக் கூப்பிட்டதுபோல முகம் வெளுத்துவிட்டது. "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?" என்று கேட்டாள்.

5 ஜூலை, புதன்

கோபமாக வருகிறது. இன்று வாசித்தது, கைகால் விளங்காத வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, கூட்டத்தால் இயேசு இருந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இறக்கிய சம்பவம். எவ்வளவு பெரிய விசுவாசம்! நான் நேற்றே குறிப்பெடுத்து வைத்திருந்தேன். சொல்லிக்கொண்டே போகிறேன், பழனாயி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன பழனாயி?"

"இல்லீங்க, அந்த ஊட்டுக்காரருக்குக் கூரைய யாருங்க மறுக்கா வேஞ்சு குடுத்தாங்க?"

பக்கத்து டேபிளில் நாலு பேர் சிரித்தார்கள். விளையாட்டுப் பேச்சுப் பேசும் இடமா இது? "சொல்றதைக் கவனி" என்று அதட்டிவிட்டேன்.

6 ஜூலை, வியாழன்

எப்சியிடம் சொன்னேன். நானும் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் சிரித்தது வேறு மாதிரி. சந்தோஷத்தில் தொடையைத் தட்டிக்கொண்டாள்.

"பிறந்ததுலேருந்து கேக்கேன்க்கா இந்தக் கதைய. ஒருநாளாவது அந்த வீட்டுக்காரர நெனச்சிருப்பனா? பழனாயிக்கா ஓலை வீட்ல இருந்திருக்காவ, மழை ஒழுகுனா என்னன்னு தெரிஞ்சிருக்கு." நேரே பழனாயியிடம் போய், "எக்கா, நேத்து என்ன கேட்டிய? என்கிட்டயும் சொல்லுங்க" என்று கேட்டாள். பழனாயி என்னைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். இருவரும் அரைமணி நேரம் கூரையைப் பற்றியே பேசினார்கள்.

என்ன பெண் இவள்! எனக்குக் கறை தெரிகிற இடத்தில் இவளுக்குத் துணி தெரிகிறது.

17 ஆகஸ்ட், வியாழன்

நவம்பர் 12-ஆம் தேதி பேராயர் வருகிறார். திடப்படுத்தல் ஆராதனை. பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்த பிறகுதான் எங்கள் சபையில் ராப்போஜன அப்பமும் ரசமும் வாங்க முடியும். பழனாயி இத்தனை நாளாக அந்த நேரத்தில் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு ஒருத்தியை மட்டும் ஓரமாக உட்கார வைத்ததுபோல இருக்கும்.

பேர் கொடுத்துவிட்டாள். "அந்த அப்பத்தை நானும் வாங்குவனுங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வகுப்பு. ஆயர் என்னையே நடத்தச் சொல்லிவிட்டார். மூன்று வகுப்பு வராவிட்டால் பேரை எடுத்துவிட வேண்டும் என்பது சபையின் சட்டம். எனக்குப் பிடித்த சட்டம்தான்.

3 செப்டம்பர், ஞாயிறு

முதல் வகுப்பு. பதினோரு பேர். பழனாயி முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள், கையில் புது நோட்டு.

அடுத்த வாரத்திலிருந்து கம்பெனியில் சீசன், ஞாயிறும் வேலை இருக்கும். இன்னொரு சூப்பர்வைசர் ஆத்தப்பனிடம் பேசி ஞாயிறை அவர் தலையில் கட்டிவிட்டேன். பதிலுக்கு அவருடைய வெள்ளிக்கிழமைகளை நான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கான ஆள் பட்டியலை மட்டும் வழக்கம்போல நான்தான் சனிக்கிழமை போட்டுத் தருவேன். கர்த்தருக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

10 செப்டம்பர், ஞாயிறு

பழனாயி வரவில்லை. காய்ச்சலோ என்னவோ.

17 செப்டம்பர், ஞாயிறு

இன்றும் வரவில்லை.

18 செப்டம்பர், திங்கள்

"ஏன் வரலை?" என்றேன். "வர முடியலீங்க்கா" என்றாள். ஏனென்று கேட்டால் தரையைப் பார்க்கிறாள். காரணம் இருந்தால் சொல்ல வேண்டியதுதானே? ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஆர்வம் இருக்கும். புது நோட்டு வாங்கினால் போதுமா?

24 செப்டம்பர், ஞாயிறு

மூன்றாவது. வகுப்பு முடிந்ததும் ஆயரிடம் போய்ச் சொன்னேன். அவர் தயங்கினார். "விசாரித்தீர்களா?" என்றார். "விசாரித்தேன் ஐயா, பதிலில்லை" என்றேன். பேரை அடித்துவிட்டார். மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் சட்டம் சட்டம்.

25 செப்டம்பர், திங்கள்

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ?

மதியம் டேபிளுக்கே போய், பேரை எடுத்துவிட்ட விஷயத்தைச் சொன்னேன். சும்மா சொல்லிவிட்டு வந்திருக்கலாம். "ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கடவுளுக்குக் குடுக்க முடியாதவளுக்கு அப்பம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். டேபிள் முழுக்கக் கேட்டது. அதே டேபிளில் வேலை செய்யும் முத்தாத்தாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். பழனாயி என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சுற்றி இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரீங்க்கா" என்றாள்.

அவ்வளவுதான். "சரீங்க்கா."

26 செப்டம்பர், செவ்வாய்

மதியம் பழனாயி வரவில்லை. எப்சி வந்தாள். ஐந்து மாத வயிறு இப்போது நன்றாகத் தெரிகிறது. நேற்று நடந்தது அவள் காதுக்கும் போயிருக்கும். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன், பதிலெல்லாம் வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த மூணு ஞாயித்துக்கிழமையும் பழனாயிக்கா எங்க இருந்தாவ?"

"எனக்கெப்படித் தெரியும்? ஊட்டுல தூங்கியிருப்பா."

"கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டாள்.

கேட்டேனே! அவள்தான் சொல்லவில்லையே!

27 செப்டம்பர், புதன்

இதை எப்படி எழுதுவது.

ஞாயிறு வேலைப் பட்டியலில் எங்கள் கம்பெனியில் பேர் எழுதும் வழக்கம் இல்லை. டோக்கன் நம்பர்தான். போன வாரத்துப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதுவேன். யாராவது சண்டைக்கு வந்தால் அவர் நம்பரை அடித்துவிட்டு வேறொரு நம்பர். சண்டைக்கு வராத நம்பர்கள் வாராவாரம் அப்படியே நிற்கும். ஐந்து நிமிட வேலை. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

இன்று காலை டைம் ஆபீஸில் ஓவர்டைம் ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. அதில் நம்பருக்குப் பக்கத்தில் பேரும் இருக்கும். 64 — பழனாயி. செப்டம்பர் 10, வேலை. 17, வேலை. 24, வேலை. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. பின்னால் குத்தி வைத்திருந்த மூன்று பட்டியலையும் புரட்டினேன். மூன்றிலும் 64. என் கையெழுத்து. நான் போடும் ஆறு, வாலை வளைத்து.

நான்தானே போட்டேன்! நானே போட்டுட்டு, நானே ஏன் வரலைன்னு கேட்டு, நானே போய்ப் பேரை அடிக்கச் சொல்லி, நானே எல்லார் முன்னாடியும் — ஐயோ ஆண்டவரே. மூணு மாசமா தினம் பக்கத்துல உக்கார வெச்சுப் படிச்சேன். அவ நம்பர் என்னன்னு எனக்குத் தெரியலையே.

28 செப்டம்பர், வியாழன்

எப்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். சந்தேகம் இருந்ததாம். "நான் சொல்லியிருந்தா நீங்க என்கிட்டதான் சண்டை போட்டிருப்பிய" என்றாள். உண்மைதான்.

"என்னை விட்டுரு கண்ணு, இந்த வேலை எனக்கு ஆகாது" என்றேன்.

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு, "அக்கா, உங்ககிட்ட முதல்ல நான் எதுக்கு வந்தேன் தெரியுமா? உங்கமேல எரிச்சல்ல வந்தேன்" என்றாள். அவள் தைத்த ஒரு பண்டலை நான் எல்லோர் முன்னாலும் தூக்கி எறிந்தேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. மன்னிக்கவே முடியாமல் ஒரு வாரம் தவித்து, ஊரில் தன்னை வழிநடத்திய தோழிக்குப் போன் பண்ணினாளாம். "அவிய பக்கத்துல போய் உக்காரு"ன்னு மட்டும் அவள் சொன்னாளாம். அந்த மூன்று வாரமும் என்னைப் பார்க்கவே பிடிக்காமல்தான் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாள்!

ஒரு வருடமாக இவளை நான் இயல்பிலேயே பொறுமைசாலி என்று நினைத்திருந்தேன். அவளை இப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிகிறது. இன்னும் பெரியவளாகத் தெரிகிறாள்.

29 செப்டம்பர், வெள்ளி

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். பழனாயி ஈரோடு பாசஞ்சருக்காகப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "64 யாருன்னு எனக்குத் தெரியாது பழனாயி. தப்பு என்மேல. என்னை மன்னிச்சுரு."

அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். "அய்யோ, என்னங்க்கா நீங்க! நீங்களே போட்டதுன்னா ஏதோ யோசனையோடதான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சனுங்க."

"அப்ப அன்னைக்கு நான் கத்துனப்ப ஏன் சொல்லலை? சொல்லியிருக்கலாமில்ல?"

"டேபிள்ல அத்தன பேரு இருந்தாங்கல்லங்க. நீங்க போட்ட லிஸ்ட்டுதான்னு சொன்னா உங்களுக்குத்தான அசிங்கமாப் போயிரும்."

ரயில் வந்துவிட்டது. ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். யாருக்கு யார் வழிகாட்டுவது? ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் பெற்றவள் இவள். நான் மூன்று தலைமுறை.

1 அக்டோபர், ஞாயிறு

இந்த வாரம் 64 வேலையில் இல்லை. பழனாயி ஆலயத்துக்கு வந்திருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் நடந்ததைச் சொன்னேன். வகுப்பில் பத்துப் பேர் முன்னாலும் சொன்னேன். டேபிளில் நேற்றே சொல்லியாகிவிட்டது. முத்தாத்தாள், "பரவால்லீங்க்கா, இப்பவாச்சும் சொன்னீங்களே" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். வாங்கிக்கொண்டேன். அவளும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பட்டியலில் இருந்தவள்தான்.

விட்டுப்போன மூன்று பாடத்தையும் நான் நடத்தி முடித்தால் பேரை மறுபடி சேர்ப்பதாக ஆயர் சொன்னார். கூரையைப் பிரித்தது நான். வேய்ந்து கொடுக்கவும் நான்தான் போக வேண்டும்.

7 அக்டோபர், சனி

இந்த வாரம் மூன்று நாள் வேலை முடிந்து பழனாயியோடு ரயிலேறி ஊத்துக்குளி போனேன். அவள் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே பாடம் கேட்டாள். குறிப்பு நோட்டை நான் எடுத்துப் போகவில்லை. வாசித்துவிட்டு, "எது உன்னைப் பிடிச்சு நிறுத்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் நோட்டுப் போதாது. கணவர் கட்டிலில் படுத்துக்கொண்டு தூங்குவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "அக்காவுக்கு ரயிலுக்கு நேரமாச்சு பாரு" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்தார்.

9 நவம்பர், வியாழன்

இப்படியா ஆக வேண்டும்! திங்கட்கிழமை காலை, சரக்கு வாங்கும் பையரின் இன்ஸ்பெக்ஷன். ஞாயிறு எல்லா டேபிளும் முழுசாக உட்கார வேண்டும், ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஞாயிறுதான் 12-ஆம் தேதி.

நாலாம் டேபிளில் பழனாயியின் இடத்துக்கு வேறு நம்பரே இல்லை. எல்லா நம்பரையும் போட்டாகிவிட்டது.

பழனாயி தானாகவே வந்தாள். "அடுத்த வருசமும் பேராயரு வருவாருங்கல்ல?"

10 நவம்பர், வெள்ளி

ஆத்தப்பனிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு 64-ன் நாற்காலியில் நான் உட்காருகிறேன். அவர் நம்பவில்லை. "சூப்பர்வைசரு டேபிள்ல உக்காந்து பீஸ் பாக்கறதாங்க? ஆளுக சிரிக்க மாட்டாங்க?" என்றார். சிரிக்கட்டும். வேலை மறந்திருக்காது.

பத்து வாரம் நான் நடத்திய வகுப்பு. அந்தப் பதினோரு பேரும் வெள்ளை உடுத்தி வரிசையாக முழந்தாளிடுவதைப் பார்க்க எனக்கு ஆசை இருக்காதா? நிறைய இருக்கிறது. பேராயர் கையைக் குலுக்கவும் ஆசை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

12 நவம்பர், ஞாயிறு

நாலாம் டேபிள். ஆறு மணி நேரம். முதுகு இரண்டாகப் போய்விட்டது. நான் விட்ட ஓர் எண்ணெய்க் கறையை முத்தாத்தாள் கண்டுபிடித்து, "இதைப் பாக்கலீங்களா சூப்பர்வைசரக்கா?" என்று தூக்கிக் காட்டினாள். டேபிளே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாராவாரம் இந்த நாற்காலியில்தான் பழனாயி உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை சொல்லாமல்.

பத்தரைக்கு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இந்நேரம் கை வைத்திருப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

இரண்டரை மணிக்குக் கேட்டில் பழனாயி. வெள்ளைப் புடவை, பக்கத்தில் எப்சி. ராப்போஜனம் ஆனதும் நேரே வந்திருக்கிறார்கள். எப்சி ஆராதனை முழுக்க அவள் பக்கத்திலேயே நின்றாளாம், ஏழு மாத வயிற்றோடு. "மிச்ச நேரம் நான் பாக்கறனுங்க, நீங்க எந்திரிங்க" என்று பழனாயி கையைப் பிடித்து இழுத்தாள். புடவை அழுக்காகிவிடும் என்றேன், கேட்கவில்லை.

"எப்படி இருந்துச்சு பழனாயி?"

"அவரு கை நெம்பக் கனமா இருந்துச்சுங்க" என்றாள். பிறகு, "அப்பம் இத்துனூண்டுதானுங்க" என்று விரல்நுனியைக் காட்டினாள். கண் நிறைந்திருந்தது.

21 நவம்பர், செவ்வாய்

எப்சி பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். கணவருக்கும் அங்கேயே வேலை கிடைத்திருக்கிறது, இனி வரமாட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஏதாவது சொல்லிவிட்டுப் போ என்றேன். "என்னத்தச் சொல்ல? மத்தியானம் சாப்டாம இருந்துராதிய" என்றாள்.

இப்படியொருத்தியை இனி எங்கே பார்ப்பேன்? பஸ் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

16 டிசம்பர், சனி

மதியம் கை கழுவிவிட்டுத் திரும்பினால், என் வழக்கமான இடத்தில் பழனாயியும் முத்தாத்தாளும் உட்கார்ந்திருந்தார்கள். முத்தாத்தாள் முகத்தில் அந்தக் காலத்து என் முகம். ஒன்றுமில்லை என்று சொல்கிற முகம். நான் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

நாலு மணிக்கு நாளைக்கான பட்டியலோடு உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் பழைய பட்டியலைப் பார்ப்பதில்லை. டேபிள் டேபிளாகப் போய்க் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆத்தப்பன் தலையில் அடித்துக்கொள்கிறார். நாலாம் டேபிளில் ஓர் ஆள் தேவைப்பட்டது. முறைப்படி முத்தாத்தாளின் ஞாயிறு. எழுதப் போனேன்.

பழனாயி எழுந்து வந்தாள். "அக்கா, அவ நாளைக்கு மொதமொதலா கோயலுக்கு வாறேங்கறாளுங்க. அவளுக்குப் பதுலா என்னையப் போட்டுருங்க."

"உனக்கு நாளைக்கு ராப்போஜனம் இருக்கே?"

"அடுத்த வாரம் வாங்கிக்கறனுங்க. தனியாப் போக அவளுக்குக் கூச்சமா இருக்குமுங்க. நீங்க பக்கத்துல உக்காந்துக்கங்க."

சரி என்றேன். பேனாவை எடுத்து எழுதினேன். பழனாயி என்று, முழுப் பேரையும்.

நாளை காலை எட்டு மணிக்கு ஆலய வாசலில் நிற்க வேண்டும். முத்தாத்தாள் சீக்கிரமே வந்துவிடுகிற ஆள்.